சுண்ணாம்புக் குறி வைத்த பத்தொன்பது மரங்கள்

"ஆடும்தான் இலை பறிக்குது. ஆட்டுக்கு யாராவது டாக்டர் பட்டம் கொடுக்கறாங்களா?"

இப்படி என்னிடம் கேட்டவர் ஒரு பாக்குத் தோப்புக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன், எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்திருந்த சமயம். இடம், ஆலுவாவைத் தாண்டி பெரியாற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன ஜாதிக்காய்த் தோட்டம். அவர் கேட்டது மலையாளத்தில். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் பேசுகிற தமிழே பாதி மலையாளம்தான். அதனால் அங்கே நடந்த பேச்சையெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் கேட்டதும் அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. அந்த எரிச்சலில் அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அப்பா பத்து வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். மட்டாஞ்சேரியில் ஒரு மலைச்சரக்குப் பண்டகசாலையில் மூட்டை சுமந்தார். அம்மா அதே பண்டகசாலையின் முற்றத்தில் உட்கார்ந்து ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் தரம் பிரிப்பாள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்தது மட்டுமல்ல, எல்லா வகுப்பிலும் முதலாவதாக வந்தேன். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, டாக்டர் பட்ட ஆய்வுக்கும் பதிவு செய்துகொண்டேன். அப்பா பண்டகசாலையில் "என் மோளு டாக்டராகப் போறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நம்பி அவருடைய கூட்டாளி ஒருவர் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "நான் செடிக்கு டாக்டர்" என்றேன். "செடிக்கு எங்கே மோளே வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, அம்மா கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.

என் ஆய்வு, ஆண் செடிக்கும் பெண் செடிக்கும் உள்ள வேறுபாடுகள் பற்றியது. எடுத்துக்கொண்டது ஜாதிக்காய். அம்மாவின் சேலையிலிருந்து வரும் அந்த வாசனையில் வளர்ந்தவள் நான். கல்லூரியில் மற்றப் பெண்கள் மூக்கைச் சுளித்த அதே வாசனையை வைத்தே பட்டம் வாங்க வேண்டும் என்று ஒரு வீம்பு இருந்தது.

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம்தான் காய்க்கும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் மகரந்தத்துக்குப் போதும். ஆனால் விதை போட்டு முளைக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போய்விடும். எது ஆண், எது பெண் என்பது ஆறேழு வருஷம் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும். அதுவரை எல்லாக் கன்றுக்கும் ஒரே மாதிரி உரம், ஒரே மாதிரி தண்ணீர். பூத்த பிறகு, ஒன்றிரண்டு ஆண் மரங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டி விறகாக்குவார்கள். பெண் குழந்தை பிறந்தால் முகம் வாடுகிறவர்கள்கூட ஜாதித் தோட்டத்தில் பெண்ணுக்குத்தான் நேர்ந்துகொள்வார்கள்.

பூப்பதற்கு முன்பே, இலையையும் கிளையையும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? அதுதான் என் கேள்வி. முடிந்தால் எத்தனை பேருடைய எத்தனை வருஷ உழைப்பு மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய தோட்டத்தில் முதல் வருஷம் முழுவதும் செலவழித்தேன். ஆண் மரங்களின் கிளைகள் மேல்நோக்கி ஏறின. பெண் மரங்களின் கிளைகள் அகலமாகப் பரந்து தாழ்ந்திருந்தன. ஆண் இலை ஒடுங்கியிருந்தது, பெண் இலை சற்று அகலம். அளந்து அளந்து நோட்டுகள் நிறைந்தன. பிறகு, இன்னும் பூக்காத இளம் மரங்கள் தேவைப்பட்டன. அப்படித்தான் பெரியாற்றங்கரையில் ஒரு கணவனும் மனைவியும் கிடைத்தார்கள்; அண்ணன், அக்கா என்பதுபோல அவர்களைச் சேட்டன், சேச்சி என்று கூப்பிட்டேன்.

சேட்டன் ஆற்றில் மணல் வள்ளம் ஓட்டுபவர். வீட்டைச் சுற்றி இருந்த துண்டு நிலத்தில், தென்னைகளுக்கு நடுவே, நாற்பத்திரண்டு ஜாதிக் கன்றுகளை நட்டிருந்தார்கள். கோடையில் சேச்சிதான் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவார், ஒரு கன்றுக்கு இரண்டு குடம். நான் போனபோது கன்றுகளுக்கு நாலு வயது. ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும் என்றதும், அப்பா பழைய எண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் குத்திக் குத்தி நாற்பத்திரண்டு தகடுகள் செய்து கொடுத்தார். எழுத்துத் தெரியாத அவருக்கு மூட்டைகளின் மேல் போடும் எண்கள் மட்டும் தெரியும். ஏழு என்ற எண்ணுக்கு அவர் ஒரு வாலும் வைத்திருந்தார்.

ஞாயிறுதோறும் மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட் ஏறி, எர்ணாகுளத்தில் பஸ் பிடித்துப் போவேன். அளப்பேன், இலை பறிப்பேன், குறித்துக்கொள்வேன். சேச்சி கப்பைக்கிழங்கு வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்துக் கொடுப்பார். மூன்று வருஷம் இப்படிப் போனது. நாற்பத்திரண்டில் எது ஆண், எது பெண் என்று ஒரு பட்டியல் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, என் வழிகாட்டி டீச்சரிடம் கொடுத்திருந்தேன். மரங்கள் பூக்க வேண்டும்; உறையைப் பிரித்து ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் மிச்சம். உறையில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது, தோட்டக்காரர்களிடமும் சொல்லக் கூடாது என்று டீச்சர் எச்சரித்திருந்தார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் பாக்குத் தோப்புக்காரர் வந்தார். பக்கத்துத் தோப்பு அவருடையது. சேட்டனோடு வெற்றிலை போட வருவார். அன்று இன்னும் இரண்டு பேரும் கூட இருந்தார்கள். நான் இலைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஆட்டுக் கதையை எடுத்தார்.

"டாக்டரே, கோவிச்சுக்கிடாதே. மூணு வருஷமா வர்றே, பறிக்கறே, போறே. இது ஆணோ பெண்ணோன்னு கேட்டா பூக்கட்டும்ங்கறே. பூத்தா எனக்கே தெரியுமே. அதுக்கு நீ எதுக்கு?"

"எனக்கு இப்பவே தெரியும்" என்றேன்.

"தெரியுமா?" அவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்புச் செப்பை எடுத்து என் பக்கம் நீட்டினார். "அப்ப இந்தா. ஆண் மரத்துக்கெல்லாம் குறி போடு பாப்போம்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அப்படிச் சொல்லக் கூடாது, ஆராய்ச்சியின் முறை அது என்று விளக்கியிருக்கலாம். ஆனால் சேட்டனும் சேச்சியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டவர்கள். அவர்கள் முன்னால் ஆட்டோடு ஆடாக நிற்க முடியவில்லை. செப்பை வாங்கினேன். பட்டியல் மனப்பாடம். விரலால் சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொரு மரமாகப் பட்டையில் கோடு இழுத்துக்கொண்டே போனேன். பத்தொன்பது மரங்கள். ஒரு மரத்திலும் நான் தயங்கவில்லை. பின்னால் நாலைந்து பேர் நடந்து வருவதும், யாரும் சிரிக்காமல் இருப்பதும் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முடித்ததும் சேட்டன் மெதுவாகக் கேட்டார். "மோளே, உறப்பாணோ?" நிச்சயம்தானா என்று.

"உறப்பு, சேட்டா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான்.

அதன்பின் கல்லூரிக்குக் கோடை விடுமுறை வந்தது. ஆய்வகம் காலியாகக் கிடைத்ததால், இலைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவதிலேயே இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டேன். முதல் மழை பெய்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். ஆற்றுப் படியில் ஏறும்போதே ஏதோ வெளிச்சம் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றியது. தென்னைகளுக்கு இடையே வானம் தெரிந்தது.

பதினேழு மரங்கள் இல்லை. முழங்கால் உயரத்துக்குத் தூர்கள் மட்டும் நின்றன. நான் குறி போட்ட பத்தொன்பதில் மகரந்தத்துக்கென்று இரண்டை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் சேட்டன் வெட்டிவிட்டார். காலியான இடங்களில் வாழைக் கன்று நட்டிருந்தார்.

"யாரக் கேட்டு வெட்டினீங்க?" என்று கத்தினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர் அவர்.

சேட்டன் தடுமாறிப் போனார். "மோளுதானே ஆணுன்னு சொன்னது? ஆண் மரத்த நிறுத்தி வெச்சு எதுக்கு? பெண்ணுக்குப் போற சத்தையும் வெயிலையும் அது எடுத்துக்குமே. மழைக்கு முந்தி வெட்டினாத்தான் ஆச்சு."

அவர்கள் கணக்கில் அது சரி. அந்தக் கரையில் ஆண் என்று தெரிந்த மரத்தை ஒரு மழைக்கு மேல் யாரும் நிற்க விடமாட்டார்கள். ஆறேழு வருஷம் காத்திருந்தவர்களுக்கு, காத்திருப்பை முடித்துவைக்கிற ஒரு வார்த்தையை நான்தான் கொடுத்தேன். ஆனால் அப்போது எனக்கு அது தெரியவில்லை. பூக்காமல் வெட்டிய மரம் ஆணா பெண்ணா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. என் ஆய்வில் பாதி விறகாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். சேச்சி உள்ளேயிருந்து சாயா கொண்டு வந்தார். அழுதுகொண்டே குடித்தேன். அது அந்த விறகில் கொதித்த சாயா என்பது அப்புறம்தான் மனதில் பட்டது.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டிய அறிக்கையில், "தோட்டக்காரர்களின் அறியாமையால் பதினேழு மரங்கள் அழிந்தன" என்று எழுதினேன். சுண்ணாம்பைப் பற்றி எழுதவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. பெண் என்று நான் எழுதிய இருபத்து மூன்று மரங்கள் அப்படியே நின்றன. அவை பெண்ணாகப் பூத்துவிட்டால் போதும். என் வார்த்தை நிற்கும். பாதி ஆய்வாவது தேறும்.

அடுத்த வருஷம் மழை ஓயும் சமயத்தில், பூ வந்திருப்பதாகச் சேட்டன் ஒரு கார்டு போட்டார். "மோளு வரணும்" என்று மட்டும் அடியில் எழுதியிருந்தது. புதுப் பிளேடு வாங்கிக்கொண்டு ஓடினேன்.

ஜாதிப் பூ மிகச் சிறியது. வெளிர் மஞ்சளில் குட்டி மணி போல இருக்கும். பெண் பூ பெரும்பாலும் தனியாக, அடி பருத்துத் தொங்கும். ஆண் பூக்கள் ஒல்லியாக, கொத்தாக வரும். சந்தேகமிருந்தால் பிளேடால் நெடுக்கக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே சூல்பை இருந்தால் பெண். தூள் நிறைந்த மெல்லிய தூண் நின்றால் ஆண்.

ஏழாம் எண், வால் வைத்த ஏழு, முதலில் நின்றது. பெண் என்று நான் எழுதிய மரம். கிளையைத் தாழ்த்தினேன். கொத்தாக இருந்தது. ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கீறினேன். தூண். இன்னொன்றைக் கீறினேன். தூண். அடுத்த மரத்துக்குப் போனேன். அடுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை பெண் பட்டியலில் பதினாறு மரங்கள் பூத்திருந்தன. அவற்றில் ஒன்பது ஆண்.

காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே அளவுக்கு வந்திருக்கும்.

கடைசியாக, குறி போட்டவற்றில் வெட்டாமல் விட்ட இரண்டு மரங்களிடம் போனேன். இரண்டு மழைக்காலம் நனைந்தும் பட்டையின் பிளவுகளில் சுண்ணாம்பு வெள்ளையாக மிச்சமிருந்தது, என் விரல் இழுத்த கோடு. ஒன்றில் கொத்துப் பூ. மற்றதில் தனித்தனியாக, அடி பருத்து, தலை கவிழ்ந்து தொங்கின. கீறவே தேவையில்லை. இருந்தும் கீறினேன். சூல்பை.

திரும்பிப் பார்த்தபோது சேட்டனும் சேச்சியும் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாரமாகவே தெரியும். பூத்தால் தனக்கே தெரியும் என்று பாக்குத் தோப்புக்காரர்தான் முன்பே சொன்னாரே. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"கொஞ்சம் மாறிப் போச்சு சேச்சி" என்றேன்.

கொஞ்சம். அப்படித்தான் சொன்னேன்.

சேச்சி என்னைத் திட்டவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்ட அந்தப் பெண் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப வெட்டினதுல பெண் எத்தன இருந்திருக்கும் மோளே?"

எட்டு இருக்கலாம், ஒன்பது இருக்கலாம். எந்த எட்டு என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. "தெரியாது சேச்சி" என்றேன். நாலு வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் நின்று நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான்.

"ஏழு வேனல் தண்ணி சுமந்தேன்" என்றார். ஏழு கோடை. உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சணல் கயிறு. அதில் பதினேழு டின் தகடுகள் கோத்திருந்தன. மரங்களை வெட்டியபோது எண் தகடுகளைக் கழற்றி, டாக்டருக்குத் தேவைப்படும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். முந்தின வருஷம் நான் கத்திய கத்தலில் கொடுக்கப் பயந்து அப்படியே வைத்துவிட்டாராம். என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழியில் பாக்குத் தோப்புக்காரர் வேலிக்கு அப்பால் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. "ஆடு வந்திருந்தா இலையோட போயிருக்கும்" என்றார். நான் நடையை எட்டிப் போட்டேன். கையிலிருந்த தகடுகள் பஸ்ஸில் எர்ணாகுளம் வரை குலுங்கிக்கொண்டே வந்தன.

அதற்குப் பிறகு நான் பல வாரங்கள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே சுருண்டு கிடந்தேன். அம்மா வேலை முடிந்து வந்து, வீட்டிலும் ஒரு முறம் ஜாதிபத்திரியை வைத்துக்கொண்டு குனிந்தபடி பிரிப்பாள். ஒரு நாள் அதைப் பார்க்கப் பொறுக்காமல் எரிந்து விழுந்தேன். "நிமிந்து உக்காந்தா என்னம்மா? எப்பப் பாத்தாலும் கூன் போட்டுக்கிட்டு."

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, நான் பொறக்கும்போதே கூனியாவா பொறந்தேன்? கல்யாணத்துக்கு முந்தி என்னயப் பாத்திருக்கணும் நீ. கமுகு மாதிரி நின்னேன். உன்னயச் சுமந்து, இந்த முறத்தச் சுமந்து வளஞ்சது இது. பெரிய படிப்பு படிச்சவ கேக்குற கேள்வியப் பாரு!"

நான் எழுந்து உட்கார்ந்தேன். முதல் வருஷம் நான் அளந்த மரங்களெல்லாம் காய்த்துக்கொண்டிருந்த மரங்கள். பெண் மரத்தின் கிளை தாழ்ந்து பரந்திருந்தது, வருஷா வருஷம் காய் சுமந்ததால் இருக்கலாமே. காய்ப்பில் சத்து போவதால் இலைகூட மாறியிருக்கலாமே. சுமந்ததால் வந்த வித்தியாசத்தைப் பிறவியிலேயே இருந்த வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் எதையுமே சுமக்காத இளம் மரங்களில் போய்த் தேடியிருக்கிறேன். அங்கே அது எப்படி இருக்கும்? பிறந்ததிலிருந்து ஒரே அறையில் அம்மாவோடு இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

காரணம் தெரிந்தால் துயரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்தது, வெட்டியது வெட்டியதுதான்.

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சுண்ணாம்பு உட்பட. அவர் அந்த உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "அஞ்சு வருஷம் போச்சு. பதிவுக் காலம் முடியப் போகுது. பப்பாளிக்கு மாறிக்கோ. அதுலயும் ஆண், பெண் உண்டு. ஆறே மாசத்துல பூத்திடும்" என்றார். சரியான யோசனை. ஆனால் பப்பாளி என்ற சொல்லைக் கேட்டதும், மூட்டை சுமக்கிற அப்பா தன் கூட்டாளிகளிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து அங்கேயே அழுதுவிட்டேன். அப்பாவிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. "எப்ப மோளே முடியும்?" என்று கேட்பதை அவரே நிறுத்திவிட்டார். மருந்து கேட்டு வந்த அந்தக் கூட்டாளியும் இப்போது என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

பப்பாளி விதைகளை டின்களில் போட்டுவிட்டேன். முளைத்திருக்கின்றன. பட்டம் கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தாலும் அது வேறு எதற்கோ கிடைத்த பட்டமாகத்தான் இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். "தோட்டக்காரர்களின் அறியாமையால்" என்ற வரியை எடுத்துவிட்டு, "ஆய்வு மாணவி முன்கூட்டியே சொன்ன, சரிபார்க்கப்படாத வார்த்தையால்" என்று மாற்றும்படி கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அதன் மலையாளப் பிரதி ஒன்றைச் சேட்டனுக்கும் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

இந்தக் கோடையில், பதில் இல்லாமலே கிளம்பிப் போனேன். வெட்டிய தூர்களிலிருந்து புதுத் தளிர்கள் வந்திருந்தன. ஆண் மரம் என்று நினைத்திருந்தவரை சேட்டன் அவற்றை அரிவாளால் சீவிக்கொண்டே இருந்தார். நான் 'தெரியாது' என்று சொன்ன நாளிலிருந்து சீவுவதை விட்டிருக்கிறார். பதினேழில் பதினொரு தூர்கள் தளிர்த்திருக்கின்றன. ஆறு செத்துவிட்டன. தளிர் மரமாகி மறுபடி பூக்க எத்தனை வருஷமோ. எந்த ஆய்விலும் அது சேராது.

சேச்சி வெளியே வரவில்லை. சாயாவும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. அவர்கள் வீட்டுக் குடத்தைக் கேட்க மனம் வராது என்று எங்கள் வீட்டு அலுமினியக் குடத்தைக் கொண்டு போயிருந்தேன். சேலையை மடித்துக் கட்டி, ஜோல்னாப் பையைத் தோளில் மாட்டிப் போகிற என்னை, போட்டில் இடுப்பில் காலிக் குடத்தோடு பார்த்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்பென்றால் வெட்கத்தில் செத்திருப்பேன். ஆற்றிலிருந்து பதினொரு தூர்களுக்கும் இரண்டிரண்டு குடம். ஏழாவது தூரிலேயே தோள் கழன்றது. ஏழு வேனல் என்று சேச்சி சொன்னது அப்போதுதான் என் உடம்பில் ஏறியது.

ஒரு வார்த்தையின் எடையை அதைச் சொன்னவர் சுமப்பதில்லை, நம்பியவர்தான் சுமக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது அந்தத் தோட்டத்தில்தான். அதனாலேயே இப்போது யார் எதைக் கேட்டாலும், 'உறப்பு' என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அப்பா குத்திக் கொடுத்த அதே தகடுகளை அந்தந்தத் தளிரில் கட்டிவிட்டு வந்தேன். புது நோட்டில் பதினொரு எண்களையும் எழுதி, பக்கத்தில் ஆண், பெண் என்று இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.